மூவர்ஸ்காரர் கொடுத்த தேதி

வீடு மாற்றச் சாமான் தூக்குகிறவர் வந்து பார்க்கப் போகிறார் என்றால் வீட்டைப் பெருக்கி ஒழுங்கு பண்ணி வைப்போம். நானும் வைத்தேன். வந்த மனிதர் முதல் கால் மணி நேரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. தன் பிக்கப் வண்டியைக் கீழே ரோட்டில் நிறுத்திவிட்டு வீடு வரை ஏறுகிற எங்கள் டிரைவ்வேயில் மெதுவாக நடந்து வந்தார். பாதி வழியில் இருக்கிற வளைவில் நின்றார். பூட்ஸ் குதியால் சரளைக்கல்லைக் கிளறினார். திரும்பக் கீழே இறங்கிப் போய் மறுபடி ஏறி வந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி எரிச்சலாக இருந்தது எனக்கு. வீட்டுக்குள் இருப்பதைத்தானே தூக்கப் போகிறாய், ரோட்டையா தூக்கப் போகிறாய் என்று ஜன்னலுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தேன்.

நாங்கள் இருந்த இடம் நியூ ஜெர்சிதான் என்று சொன்னால் நியூ ஜெர்சித் தமிழர்களே நம்ப மாட்டார்கள். மாநிலத்தின் வடமேற்கு மூலை. மலையும் காடும் கரடியும். பால் வாங்க இருபத்தைந்து நிமிடம், தோசை மாவு வாங்க ஒன்றரை மணி நேரம். மற்ற ஊர்களில் மழை பெய்தால் எங்களுக்கு ஐஸ் பெய்யும். "அங்க போய் எதுக்குங்க இருக்கீங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. என் கணவருக்கு மரம் வேண்டும், சத்தமில்லாத இடம் வேண்டும். இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. மகள் படித்து முடித்து டெக்சாஸில் சுகர் லேண்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் என்ன தடை என்று வாங்கிவிட்டோம். முதல் மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தோம், அதை மறைப்பதற்கில்லை.

நான்காவது வருடம் அவருக்கு வலது கால் தடுக்க ஆரம்பித்தது. தரைவிரிப்பு தடுக்குகிறது என்றார். தரைவிரிப்பை எடுத்தேன். வெறும் தரையும் தடுக்கியது. டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுத்து கடைசியில் ஒரு நீளமான பெயரைச் சொன்னார்கள். தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருகிற நோய். கால், கை, விழுங்குவது, மூச்சு. வரிசை ஆளுக்கு ஆள் மாறலாம், முடிவு மாறாது. மருந்து இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நானே ஒரு மருந்து கம்பெனியில் பரிசோதனை முடிவுகளைப் படித்துப் பார்த்து எழுதிக்கொடுக்கிறவள். இல்லை என்று எனக்கே தெரியும்.

மூன்று வருடம் போராடிப் பார்த்துவிட்டு, மாநிலத்தின் நடுவில் தமிழர்கள் நிறைய இருக்கிற மான்மவுத் ஜங்ஷனில் ஒரு டவுன்ஹவுஸை வாடகைக்குப் பிடித்தேன். கீழ்த்தளத்திலேயே படுக்கையறை, கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி, தட்டினால் கதவைத் திறக்க நாலு நம்மவர்கள். அந்த நவம்பரில் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து சமையலறை வரை நடப்பார். முப்பத்தோரு காலடி. சாஃப்ட்வேர்க்காரர் இல்லையா, எண்ணாமல் எதையும் செய்ய மாட்டார். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, நடை இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கலாம், வசந்த காலம் வரை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். என் கணவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் ஒரு நாள் காலை, நடந்து வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்ததும். "புது வீட்டுக்குள்ள நான் நடந்து வரணும். யாரும் தூக்கிட்டு வரக் கூடாது. அது மட்டும் பண்ணிக் குடுத்துடு. அதுக்கப்புறம் உன் இஷ்டப்படி என்னை எங்க வேணா தூக்கிட்டுப் போ."

"பண்றேன்," என்றேன்.

இருபத்தெட்டு வருடத்தில் காபியைத் தவிர அவர் என்னிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை.

மூவர்ஸ், அதாவது சாமான் ஏற்றி வீடு மாற்றிக் கொடுக்கிறவர்கள், கிடைப்பது அத்தனை சுலபமாக இல்லை. பெரிய கம்பெனிகளுக்கு ஒவ்வொன்றாக போன் செய்தேன். எல்லாரும் இனிமையாகப் பேசுவார்கள். டிரைவ்வே எத்தனை நீளம், சரிவு எப்படி, தார் போட்டதா சரளையா, மேலே டிரக் திரும்ப இடம் உண்டா என்று கேட்பார்கள். நான் உண்மையைச் சொன்னதும் குரலில் இனிமை குறைந்துவிடும். "ஏப்ரலில் கூப்பிடுங்களேன்," என்றாள் ஒருத்தி. ஏப்ரலில் கூப்பிட்டு எதைத் தூக்கச் சொல்வது? கடைசியில் எங்கள் டிரைவ்வேயில் விழுகிற பனியை வழித்துத் தள்ள வருகிறவர்தான் இந்த உள்ளூர் மனிதரின் நம்பரைக் கொடுத்தார். அறுபது வயதிருக்கும். ஒரு முழங்காலில் பட்டை போட்டிருந்தார். சொந்தமாக ஒரு பெரிய டிரக், கூட மூன்று ஆட்கள். அவ்வளவுதான் அவருடைய கம்பெனி.

டிரைவ்வேயை ஒரு வழியாகப் பார்த்து முடித்து உள்ளே வந்தார். பூட்ஸுக்கு மேல் துணி உறை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு அறையாகப் போய் எண்ணி எழுதினார். வெட் கிரைண்டர் முன்னால் நின்று இது என்ன என்று கேட்டார். மாவு அரைக்கிற கல் என்றேன். தூக்கிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார். ஊறுகாய் பாட்டில்களைக் காட்டி, குளிரில் டிரக்குக்குள் இதெல்லாம் உறைந்து வெடித்துவிடும், காரில் நீங்களே எடுத்துப் போங்கள் என்றார். அப்போது என் கணவர் வாக்கரோடு எதிரே வந்தார். மூவர்ஸ்காரர் சுவரோரம் ஒதுங்கி நின்று வழிவிட்டார். அவர் போய் முடிக்கும் வரை பென்சிலை அசைக்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் என்னிடம் தணிந்த குரலில் பேசினார். இங்கிலீஷில் சொன்னதுதான், எனக்கு இப்போது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. "டிசம்பர் மூணாவது வாரத்துல ஒரு வெள்ளிக்கிழமை காலியா இருக்கு. அதுக்கு முன்னால எல்லாம் புக் ஆயிடுச்சு. அந்த நாளை எடுத்துக்குங்க. அதுக்குள்ள பெரிய பனி வராது. ஜனவரி வந்துட்டா இந்த வளைவுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த வெள்ளிக்கிழமை மார்கழி மூன்றாம் நாள்.

"அந்த மாசம் முடியாது," என்றேன். "ஜனவரி பாதிக்கு அப்புறம்தான் முடியும்."

ஏன் என்று கேட்டார். எங்கள் வழக்கம் என்றேன். அந்த மாதத்தில் குடி போக மாட்டோம். அவர் வாதாடவில்லை. தலையைச் சொறிந்தார். பிறகு ஒப்பந்தத் தாளில் ஒரு வரியைக் கையால் எழுதிச் சேர்த்தார்: டிரைவ்வே முழுக்கப் பனி வழித்து, ஐஸ் கரைய உப்புப் போட்டு, கல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் டிரக் ஏறாது. அந்த வரிக்குக் கீழே தனியாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். போட்டேன். நல்ல பேனா, தெளிவாகவே விழுந்தது.

நான் நாள் நட்சத்திரம் பார்த்தே வாழ்கிறவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமையில் தலை குளிப்பதைக்கூட மறந்துபோகிறவள். ஆனால் இந்த மலை வீட்டுக்கு நாங்கள் குடி வந்தது ஆடி மாதத்தில். விற்றவர்கள் ஜூலைக் கடைசியில்தான் சாவி கொடுப்போம் என்றார்கள். வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று நான் கெஞ்சினேன். "ஆடியாவது ஆவணியாவது, பேங்க்காரன் வட்டி ரேட்டை அதுவரைக்கும் பிடிச்சு வெச்சிருப்பானா?" என்று சிரித்தார் இவர். ஆடியிலேயே பால் காய்ச்சினோம். பால் பொங்கவில்லை, அடிப்பிடித்தது. அப்போது எனக்கும் சிரிப்புதான். நான்காவது வருடம் அவர் கால் தடுக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால் முன்னது காரணம் ஆகிவிடாது என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுக்கிற வேலை என்னுடையது. அந்த வேலைக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் உள்ளுக்குள் ஓர் இடத்தில், ஆடியில் வந்ததுதான் வினை என்று உட்கார்ந்துவிட்டது. அதை யாரிடமும் வாய் விட்டுச் சொன்னதில்லை. இந்த முறை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன்.

"டிசம்பர்ல டேட் குடுத்தானா?"

"மார்கழிங்க."

"மார்கழியாவது மண்ணாங்கட்டியாவது. நான் நடக்கறேன்ல இப்போ? இப்போ நடக்கறேன்."

"பொங்கல் முடிஞ்ச உடனே போயிடலாம். நாலு வாரம் வித்தியாசம். நாலு வாரத்துல என்ன ஆயிடப் போகுது? ஒரு தடவை நீங்க சொன்னதைக் கேட்டு ஆடில வந்தோம்..."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அதுவரை வந்ததே போதுமானதாக இருந்தது. அவர் என்னையே பார்த்தார். நான் இத்தனை நாள் மனதுக்குள் என்ன வைத்திருந்தேன் என்பது அவருக்கு அந்த நொடியில் புரிந்துபோனது. நோயைக் கொண்டுவந்தது நீதான் என்று சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. "சரி," என்றார். "உன் இஷ்டம்." வாக்கரைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று எண்ணாமல் நடந்தார்.

மான்மவுத் ஜங்ஷனில் எங்களுக்குப் பக்கத்து வீடாகப் போகிற ஆன்ட்டியைக் கேட்டேன். அவர் வீட்டில் பஞ்சாங்கம், கோயில் காலண்டர் எல்லாம் உண்டு. மார்கழி ஆகாது என்று சொல்லிவிடுவார், எனக்குத் துணை கிடைக்கும் என்று எண்ணித்தான் கேட்டேன். அவரோ, "உடம்பு முடியாதவங்களுக்கு மாசம் எல்லாம் பார்க்க வேண்டாம்மா. சாமி அதெல்லாம் ஒண்ணும் நினைச்சுக்காது. வந்துடுங்க. சாமான் பின்னால வரட்டும், அது வரைக்கும் எங்க வீட்டுல இருங்களேன்," என்றார். அடுத்தவர் வீட்டு பாத்ரூமில் என்னைப் பிடித்து உட்கார வைக்க வேண்டாம் என்று இவர் மறுத்துவிட்டார். புது வீட்டுக்கே நேராகப் போயிருக்கலாம். பால் காய்ச்சாமல் அங்கே காலெடுத்து வைக்கக் கூடாது என்று நான் மறுத்துவிட்டேன். டெக்சாஸிலிருந்து மகள் போனில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நான் தமிழில் பத்து நிமிடம் சொன்னதற்கு அவள் இங்கிலீஷில் ஒரே வரிதான் சொன்னாள். "அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் டேக் த டேட்."

நான் எடுக்கவில்லை. இதில் யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை. பஞ்சாங்கம் வைத்திருந்தவரே போகச் சொன்னார்.

டிசம்பர் மூன்றாவது வார வெள்ளிக்கிழமை வந்தது. அதைப் போல ஒரு வெயிலை அந்த மலையில் டிசம்பரில் நான் பார்த்ததே இல்லை. வானம் துடைத்து வைத்த மாதிரி நீலம். டிரைவ்வே காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. குப்பைத் தொட்டியை வைக்கக் கீழே போனேன், ஸ்வெட்டரே தேவைப்படவில்லை. எதிர் மலையில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் கார் கழுவுகிறார்கள்! கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயில் கூசுகிறது என்று நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் முன் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவ்வேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கும் அங்கேயே இருந்தார். வெயில் இறங்கி வளைவில் நிழல் விழுகிற வரை இருந்தார்.  ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

பொங்கல் முடிந்து நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய தை மாத முகூர்த்த நாளும் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் முழங்கால் அளவு பனி விழுந்தது. பனி வழிக்கிறவர் இரண்டு முறை வந்து வழித்தார். உப்பு மூட்டை மூட்டையாகப் போட்டேன். பகலில் கொஞ்சம் உருகி, மாலையில் உறைந்து, வளைவு முழுக்கக் கண்ணாடியாகிவிட்டது. முகூர்த்தத்தன்று காலை ஏழு மணிக்கே என் கணவர் தயார். நானே இஸ்திரி போட்ட நீலச் சட்டை. ஷூ லேஸ் கட்டியாகிவிட்டது. வாசலுக்கு உள்ளே நாற்காலியில், முன்னால் வாக்கரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதி வாங்கிய வரியைப் பார்க்காமல் எட்டு மணிக்கு டிரக் ஏறி வந்தது. வளைவில் பின் சக்கரம் வழுக்கியது. முழு டிரக்கும் பக்கவாட்டில் நகர்ந்து பள்ளத்துப் பக்கம் போய், ஓக் மரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைத் திரும்பக் கீழே இறக்க அவர்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பிறகு மூவர்ஸ்காரர் மட்டும் பட்டை போட்ட காலோடு நடந்து மேலே வந்தார். கதவில் நின்று, தொப்பியைக் கழற்றி, "இன்னிக்கு இல்லை," என்றார். என்னிடம் சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தேன்.

ஒன்பது நாள் கழித்து இன்னொரு தேதி. இந்த முறை நான் பஞ்சாங்கம் பார்க்கவில்லை, எந்த நாளாக இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். இவர் சட்டை மட்டும் போட்டுக்கொண்டார். "ஷூ இப்போ வேண்டாம். டிரக் மேல வரட்டும், அப்புறம் போட்டுக்கலாம்," என்றார். டிரக் மேலே வரவில்லை. விழுந்ததும் ஐஸாகிற உறைமழை பிடித்துக்கொண்டது. மூவர்ஸ்காரர் கீழே ரோட்டிலிருந்து போன் செய்து, ஐஸ் கரைகிற மாதிரி ஒரு நல்ல உருகல் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்றார். மற்ற கம்பெனிகளை மறுபடி கூப்பிட்டேன். ஏப்ரல் என்று சொன்னவள் இப்போதும் ஏப்ரல் என்றாள். அவள் மட்டும்தான் அந்தக் குளிர்காலத்தில் சொன்ன சொல் மாறாதவள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, படுக்கையறையிலிருந்து வந்துகொண்டிருந்தவர் பாதி வழி தாண்டியதும் நின்றார். இரண்டு முழங்காலும் ஒன்றாக மடங்கின. சத்தமில்லாமல் இறங்கினார், வாக்கர் மட்டும்தான் சத்தம் போட்டது. எலும்பு எதுவும் உடையவில்லை. என்னால் தூக்க முடியவில்லை. ஊர் ஆம்புலன்ஸ் ஆட்கள் டிரைவ்வேயில் வண்டி ஏற்ற முடியாமல் கைத்தடி ஊன்றி நடந்து வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"பத்தொம்போது," என்றார் கூரையைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை. பிசியோதெரபி, பெல்ட், கம்பி எல்லாம் முயன்று பார்த்தோம். கால்கள் இருந்தன, அவர் சொல்வதைக் கேட்கவில்லை. டாக்டர் வீடியோவில், இது நாம் எதிர்பார்த்ததுதான் என்றார். நானும் தலையாட்டினேன். நான் கொடுத்த வாக்கை நானே நாலு வாரம் தள்ளிப்போட்டுத் தொலைத்துவிட்டேன் என்று அந்த டாக்டரிடம் எப்படிச் சொல்வது? என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தைப் பாத்திரங்கள் மேல் காட்டினேன். ஒரு கண்ணாடி டம்ளர் கூட மிஞ்சாத அளவுக்குப் போட்டு உடைத்தேன். மூட்டை கட்ட வேண்டிய வேலை கொஞ்சம் குறைந்தது.

உருகல் வரவே இல்லை. பிப்ரவரிக் கடைசியில் மூவர்ஸ்காரர் தானாகவே போன் செய்தார். டிரக்கைக் கீழே ரோட்டிலேயே நிறுத்திவிடுகிறேன், சக்கரத்தில் சங்கிலி மாட்டிய பிக்கப்பில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடலாம், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். மாசி மாதம். மாசியிலும் குடி போக மாட்டார்கள் என் ஊர்ப் பக்கம். வாருங்கள் என்றேன்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். வாசல் படியிலிருந்து பலகை விரித்து, மணல் தூவி, ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, கனமான போர்வை சுற்றி, முப்பது தடவைக்கு மேல் அந்தப் பிக்கப் ஏறி இறங்கியிருக்கும். கிரைண்டரை மூவர்ஸ்காரரே மடியில் வைத்துக்கொண்டு போனார். ஒரு மணிக்கு மேல் வீட்டில் மிச்சமிருந்தது நானும் அவரும், கைப்பிடி வைத்த ஒரு டைனிங் நாற்காலியும்தான். வீல்சேரையும் கீழே அனுப்பியாகிவிட்டது. வீல்சேரோடு ஆளை ஏற்றிப் போகிற வேன் ரோட்டில் நின்றது, மேலே வர மாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டார். பிக்கப்பின் சீட்டோ அவரை ஏற்றி உட்கார வைக்க முடியாத உயரம்.

மூவர்ஸ்காரர் வந்து அவரைப் பார்த்தார், டிரைவ்வேயைப் பார்த்தார்.

"மனுஷங்களைத் தூக்க எங்களுக்கு அனுமதி இல்லை. இன்ஷூரன்ஸ் ஒத்துக்காது," என்றார். பிறகு கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். "ஆனா இந்த நாற்காலி என் லிஸ்ட்ல இருக்கு. அதுல யார் உக்காந்திருக்காங்கன்னு நான் பார்க்கலை."

சாமான்களுக்குச் சுற்றிய அதே போர்வையைச் சுற்றினார்கள். அலமாரி தூக்குகிற அகலமான பெல்ட்டை நாற்காலிக்குக் கீழே கொடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். அப்போது அவருக்குப் பேச்சும் குழற ஆரம்பித்திருந்தது, எனக்கு மட்டும்தான் முழுதாகப் புரியும்.

"எனக்கு நம்பர் ஒட்டலையா?" என்றார்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். நாலு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியோடு அவர்கள் வளைவைத் தாண்டுகிற வரை, பின்னால் மடித்த வாக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதை எதற்காக எடுத்துக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மான்மவுத் ஜங்ஷன் போய்ச் சேர்ந்தபோது மூன்றேகால் மணி. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. அங்கே தரையில் பனி கூட இல்லை, புல் தெரிந்தது. வாசலில் இரண்டே படி. சாய்வுப் பலகை இன்னும் வந்து சேராததால் மறுபடி அதே நாற்காலி, அதே பெல்ட். கதவுக்கு நேராக வந்ததும், "நிறுத்தச் சொல்லு," என்றார். நிறுத்தினார்கள். "கீழ இறக்கச் சொல்லு."

நிலைப்படிக்கு வெளியே நாற்காலியை வைத்தார்கள். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தினார்கள். கால்கள் தொங்கின. நான் மண்டி போட்டு, அவருடைய வலது ஷூவைக் கழற்றி, பாதத்தை இரண்டு கையாலும் எடுத்து நிலைப்படிக்கு உள்ளே வைத்தேன். சில்லென்று இருந்தது, நான் நினைத்ததை விடக் கனமாக இருந்தது. பிறகு இடது பாதத்தையும் எடுத்து வைத்தேன். மூவர்ஸ்காரர் திரும்பிக்கொண்டு எதிர் வீட்டுக் கதவு நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்," என்றார் இவர். உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

பால் காய்ச்சினேன். அன்றைக்கு அது அழகாகப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மூவர்ஸ்காரர்களுக்குச் சர்க்கரை போட்டுக் காகிதக் கப்பில் கொடுத்தேன். என்ன ஏது என்று கேட்காமல் குடித்தார்கள். சாமான் எல்லாம் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். உண்மைதான், ஊறுகாய் பாட்டில் கூட உடையவில்லை.

அவருக்குத் தண்ணீராக இருக்கிற எதையும் விழுங்க முடியாது, புரையேறும். பாலில் கெட்டியாக்குகிற பவுடரைக் கலந்து, கூழ் மாதிரி ஆக்கி, ஸ்பூனில் எடுத்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். மூன்றாவதுக்கு முன்னால் என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு நாள் எப்படி?"

கிண்டல் இல்லை. நிஜமாகத்தான் கேட்டார்.

"நல்ல நாள்தாங்க," என்றேன்.

வார்த்தை வார்த்தையாகச் சேர்த்துச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. நான் காத்திருந்தேன்.

"டிசம்பர்லயும்... ஒரு நல்ல நாள்... இருந்துதும்மா."

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

"இருந்துது," என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். அடுத்த ஸ்பூனைக் கொடுத்தேன்.